சிப்பின் பதினாறாவது இடம்

சூசைமாணிக்கத்துக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு தஸ்லிமாவுக்கு இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம். அவர் முப்பது வருடம் டிவி ரிப்பேர் செய்தவர். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க அவருக்குக் கூச்சம் கிடையாது.

தஸ்லிமா கோயம்புத்தூரிலிருந்து ஒரு எமுலேட்டரைப் பார்த்துக்கொள்கிறாள். செத்துப்போன பழைய கருவிகளைக் கம்ப்யூட்டருக்குள் மறுபடி ஓட வைக்கும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதித் தரலாம். ஆனால் அவள் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அது சேரும். லேசில் சொல்ல மாட்டாள், மகராசி.

சூசைமாணிக்கத்தின் மனைவி பிலோமினா மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தவள். இறந்து நாலு வருடமாகிறது. தானே மெட்டுக் கட்டிய ஒரு பாட்டை ஃபிளாப்பியில் பதிந்து வைத்திருந்தாள். ஃபிளாப்பியில் இருந்தது சத்தம் இல்லை. கீபோர்டுக்குள் இருக்கும் சிப்புக்கு எப்போது எந்த எண் போக வேண்டும் என்ற பட்டியல் மட்டும்தான். கீபோர்டோ மழைத்தண்ணீர் புகுந்து கெட்டுப்போய்விட்டது. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தச் சிப்பு எப்படி வேலை செய்யும் என்று ஒரு தாள்கூட அவர்கள் வெளியே விட்டதில்லை.

அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும். மனுஷன் அதற்காகத்தான் தவித்தார்.

சிப்பில் எண்களை வாங்கிக்கொள்ளும் இடங்கள் பதினாறு. எந்த இடத்துக்கு எந்த எண் போகிறது என்று உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, பதினைந்தின் வேலையைக் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தஸ்லிமாவிடம் வந்தார்.

"முடிச்சுப்போட்டேன் அம்மணி. பதினாறும்."

பாட்டை ஓட விட்டார். ஒவ்வொரு சுரமும் நின்று முழங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அச்சு அசல் எங்க பிலோதான்."

தஸ்லிமா நிரலைப் படித்தாள்.

"பதினாறாவது இடம் எதிரொலின்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரிஞ்சுது சார்?"

"காதுதான் சொல்லுச்சு. அது இல்லாம பாட்டு மொட்டையா இருந்துச்சு."

அவள் வேறொரு கோப்பைத் திறந்தாள். பொள்ளாச்சி பாண்டுக்காரர் ஒருவர் அதே ரகக் கீபோர்டில் பதிந்து அனுப்பிய கல்யாணப் பாட்டு. சூசைமாணிக்கத்தின் நிரலில் அது ஓடியது. கல்யாணப் பாட்டு மாதா கோயில் பூசைப் பாட்டு மாதிரி முழங்கியது.

"இவர் எங்க வாசிச்சாராம்?" என்றார் அவர்.

"பந்தல்ல."

சூசைமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட ஆண்டவரே! எதிரொலி எங்க கோயில் கட்டடத்தோடது. அதைப் போய் சிப்பு மேல ஏத்திப்போட்டேனே!"

தஸ்லிமா மறுபடி நிரலுக்குப் போனாள். எதிரொலியை அழித்தாள். அந்த இடத்தில், 'வேலை தெரியாது' என்று எழுதினாள். அங்கே ஓர் எண் வரும்போதெல்லாம் அது திரையில் தெரியும்படி செய்தாள். பிறகு பாண்டுக்காரர் பாட்டை ஓட்டினாள். தொடக்கத்தில் ஒரே ஓர் எண் வந்தது. அதோடு சரி.

பிலோமினாவின் பாட்டை ஓட்டினாள்.

பாட்டு மொட்டையாகத்தான் கேட்டது. ஆனால் திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பன்னிரண்டு. நாற்பது. ஒன்பது. மறுபடி நாற்பது. பாட்டு முடிந்தபோது இருநூற்றுச் சொச்சம் வரிகள் இருந்தன.

சூசைமாணிக்கம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"வாசிக்கும்போது இத்தனை தடவை என்னமோ பண்ணியிருக்காளே! என்ன பண்ணியிருக்கா?"

"தெரியல சார்."

"ஞாயித்துக்கிழமை தவறாம முன்வரிசையில உட்கார்ந்து கேட்டவன் நான். எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"வந்தப்ப நிம்மதியா வந்தேன். அதையும் பிடுங்கிட்டியே அம்மணி. எனக்கோ வயசாச்சு. எதிரொலின்னே போட்டு முடிச்சுடு. பாண்டுக்காரர் பாட்டுக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

தஸ்லிமா மடிக்கணினியை அவர் பக்கம் மெல்லத் திருப்பி வைத்தாள்.

"முடிஞ்சதுன்னு எழுதிட்டா, இனிமே யாரும் இதுக்குள்ள உங்க வீட்டம்மாவைத் தேட மாட்டாங்க சார். நீங்களும்."