கோயிலை எரித்த பிரசங்கம்

பெரியவர்களே, பிள்ளைகளே, சற்று நெருங்கி உட்காருங்கள். ஆங்கில நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த பழங்காலத்தில் ஆல்டுவின் என்றொரு துறவி இருந்தார். வேதம் சொல்வதற்காகக் கடல் தாண்டிப் பிரீசிய நாட்டுச் சதுப்புக் கரையில் வந்து இறங்கினார்.

அந்த ஊரில் ஒரு மரக்கோயில் இருந்தது. உள்ளே மரத்தில் செதுக்கிய தெய்வம். அதற்குப் பூசை செய்தவள் ஹெர்டா என்னும் முதியவள்.

ஆல்டுவின் பிரசங்கம் செய்தார். முதல் கோடையில் ஊரார் கல்லெறிந்தார்கள். இரண்டாம் கோடையில் சிரித்தார்கள். மூன்றாம் கோடையில் ஊர்த்தலைவன் கெரோல்டு ஞானஸ்நானம் பெற்றான். பாதி ஊர் அவன் பின்னால் வந்தது.

துறவிக்கு மகிழ்ச்சி தலைக்கேறியது. ஒருநாள் பிரசங்கத்தின் நடுவே, "அந்த மரக்கட்டைக்குத் தீ வைத்தால் தன்னையாவது காப்பாற்றிக்கொள்ளுமா?" என்று உரக்கக் கேட்டார். கூட்டம் ஆரவாரித்தது.

மறுநாள் நண்பகல், கோயில் பக்கம் புகை எழுந்தது. ஆல்டுவின் ஓடினார்.

புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் தீப்பந்தங்களோடு நின்றார்கள். கதவு வெளியே கட்டை போட்டு அடைக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ளே யார்?"

"கிழவிதான், சாமி," என்றான் கெரோல்டு, நல்ல செய்தி சொல்பவனைப் போல. "வெளியே வரமாட்டேன் என்றாள், அடைத்துவிட்டோம். காப்பாற்றுமா என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?"

துறவி சுற்றிலும் பார்த்தார். அந்த முகங்களில் கோபம்கூட இல்லை. பாராட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆல்டுவின் கதவுக் கட்டையைப் பிடுங்கினார். "அவள் நம் எதிரி, சாமி," என்று கெரோல்டு தோளைப் பிடித்தான். உதறிவிட்டு உள்ளே பாய்ந்தார். திரும்பியபோது ஹெர்டா அவர் தோளில் கிடந்தாள். அவருடைய இரு கைகளும் வெந்திருந்தன.

ஹெர்டா இருமி இருமிக் கேட்டாள்: "உன் சாமியைக் கும்பிட வைக்கத்தான் தூக்கிவந்தாயா?"

"இல்லை அம்மா. இந்தத் தீயை வைத்தது என் வாய்."

கூட்டத்தினர் ஒவ்வொருவராகப் பந்தங்களைச் சேற்றில் அமுக்கினார்கள்.

கை ஆறுமுன்பே ஆல்டுவின் அவளுக்கு ஒரு குடிசை கட்டத் தொடங்கினார். வேதக்காரர் பூசாரிச்சிக்கு மரம் சுமப்பதைக் கண்டு ஊர் திகைத்து நின்றது. மூன்றாம் நாள் கெரோல்டு வந்து, அவர் சுமந்த மரத்தின் மறுமுனையைத் தூக்கினான்.

ஹெர்டா கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. ஆல்டுவினும் கேட்கவில்லை. அவள் சாகும்வரை தண்ணீர் சுமந்து கொடுத்தார்.

பிறர் நம்பிக்கையை இகழ்ந்து பேசுகிறவன், தான் நினைத்தும் பாராத கொலைக்கு வழி திறந்துவிடுகிறான்.