அன்றைக்குத் தேர் மெதுவாகத்தான் வந்தது

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துச் சீடரின் காலில் விழுந்துவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து அசடு வழிவார்கள். குரு அதைக் கண்டுகொண்டதே இல்லை.

தண்ணீர் இறைப்பது, தோட்டம், மாட்டுத் தொழுவம் எல்லாம் ஆவுடையப்பன் பொறுப்பு. வாய் திறக்காமல் வேலை பார்க்கிற மனிதர். ஞானம் வேண்டும் என்றோ மோட்சம் வேண்டும் என்றோ அவர் கேட்டதில்லை. அன்று காலையில்தான் முதல் தடவையாக ஒரு கேள்வியோடு வந்து நின்றார்.

“சாமி, ஒரு ஆளு பொய்யே சொல்லல. கேட்டவங்களுக்கெல்லாம் நெசத்தத்தான் சொன்னான். அப்புறமும் அவன் நெஞ்சு ஏன் அடங்க மாட்டேங்கு?”

“என்ன சொன்னான்?”

“தேர் மெதுவாத்தான் வந்துதுன்னு சொன்னான்.”

“யாருகிட்ட?”

“எல்லார்ட்டயும். இன்னைக்கு எந்தம்பி பொண்டாட்டி வாரா. அவளும் அதைத்தான் கேப்பா.”

தேரோட்டம் என்று பெயர்தான் பெரிய பெயர். எந்த ஊரில் தேர் ஓடியது? ஊர் கூடி வடம் பிடித்து இழுத்தாலும், நாலு ரத வீதியைச் சுற்றி நிலைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தவழ்கிற பிள்ளைகூடத் தேரை முந்திவிடும். ஆனாலும் முன்சக்கரம் இரண்டுக்கும் பக்கத்துக்கு ஒருவராக, கையில் முட்டுக்கட்டையோடு இரண்டு பேர் கூடவே நடந்தாக வேண்டும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைகள்தான். ஆவுடையப்பன் குடும்பத்துக்கு அது வழிவழியாக வந்த வேலை. வலது சக்கரம் அவருடையது. இடது சக்கரம் தம்பி பிச்சையாவுடையது.

ஒரு வருடம் தெற்கு ரத வீதி முனையில், பிச்சையா இடது சக்கரத்துக்கு அடியில் போய்விட்டான்.

கோயில் அதிகாரிகள் கேட்டார்கள். போலீஸ்காரர்கள் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூட்டி வைத்துக் கேட்டார்கள். “தேர் மெதுவாத்தான் வந்துது” என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார் ஆவுடையப்பன். யாராலும் மறுக்க முடியவில்லை. வடத்தைப் பிடித்து இழுத்தவர்களே அவர்கள்தானே. அந்த வருடம்போல் மெதுவாகத் தேர் வந்ததே இல்லை; சாவுத் தீட்டுக்குச் சாந்தி கழித்து நிலைக்கு வர மறுநாள் ஆகிவிட்டது. விதி என்று எழுதி முடித்தார்கள். கருமாதி முடிந்த கையோடு ஆவுடையப்பன் ஊரைவிட்டு வந்துவிட்டார்.

இப்போது பிச்சையாவின் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். பெண்ணின் அப்பன் எப்படிச் செத்தான் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம். அத்தான் வாயால் கேட்டுக்கொண்டு போகத் தம்பி மனைவி கோமு வருகிறாளாம். மடத்துக்குப் பூ கொண்டுவருகிறவர் நேற்று இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குரு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

“வாங்க, கொஞ்சம் தண்ணி வேணும்.”

கிணற்றில் ஆவுடையப்பன் வாளியை விட்டு மொண்டு, மேலே இழுத்தார். குரு எட்டிப் பார்த்தார்.

“வேண்டாம். அப்படியே திரும்ப இறக்குங்க. சிந்தாம, மெதுவா.”

ஏன் என்று கேட்கிற வழக்கம் ஆவுடையப்பனுக்கு இல்லை. நிறைந்த வாளியைப் பிடித்துப் பிடித்து இறக்கினார். கப்பி முனகியது.

“நிறுத்துங்க” என்றார் குரு. நிறுத்தினார். குரு கத்தரிச் செடியில் புழு விழுந்திருப்பதைப் பற்றிப் பேசினார். “இறக்குங்க” என்றார். ஒரு சாண் இறங்கியது. மறுபடி நிறுத்தச் சொல்லி, சினைமாடு எப்போது ஈனும் என்று விசாரித்தார். பிறகு இன்னொரு சாண். வெயில் ஏறியது. பாதிக் கிணற்றுக்கு வாளி போவதற்குள் அடுப்படியில் உலை கொதித்து அடங்கிவிட்டது. ஆவுடையப்பன் கயிற்றை ஒற்றைக் கையில் பிடித்தபடி, சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நேத்து யாரோ தாம்பூலம் வச்சிட்டுப் போனாங்க” என்று குரு மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினார். “இந்தாங்க.”

குருவுக்கும் தெரியும், மடத்துக்கு வந்த நாளிலிருந்து ஆவுடையப்பன் வெற்றிலையைத் தொட்டதில்லை. ஆனால் பழைய கை அல்லவா, தானாக நீண்டது. நீண்ட அந்த நேரத்தில் மற்றக் கையின் பிடி தளர்ந்தது.

கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அவர் பதறிக் காலால் மிதித்து நிறுத்துவதற்குள் கீழே வாளி தண்ணீரில் அறைந்த சத்தம் கேட்டுவிட்டது.

“வாளி இறங்க எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டார் குரு.

“ரொம்ப நேரம் ஆச்சு சாமி.”

“அப்போ மெதுவாத்தான் இறங்கியிருக்கு.”

ஆவுடையப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். தோல் கிழிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. குரு தன் மேல்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டார்.

கோமு மதியத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, பூவரச மரத்து நிழலில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து குரு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“கையில என்ன அத்தான் கட்டு?”

“ஒண்ணுமில்ல தாயி. புள்ள எப்படி இருக்கா?”

“இருக்கா. மாப்பிள்ள வீடு தங்கமான வீடு. ஒண்ணே ஒண்ணுதான் அவுங்களுக்கு உறுத்தலு. நான் சுத்தி வளைக்கல அத்தான். அவரு விழுந்தப்போ தேர் எப்படி வந்துது?”

“தேர் மெதுவா…”

பழகிய வாய் தொடங்கிவிட்டது. கட்டுக்குள் கை எரிந்தது. ஆவுடையப்பன் அதோடு நிறுத்திக்கொண்டார். குரு தலை நிமிராமல் காயை உரித்துக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை ஆவுடையப்பன். அவர் மறைத்து வைத்திருந்தது ஒரு வெற்றிலைதான்.

“முனை வரைக்கும் மெதுவாத்தான் வந்துது தாயி. முனையில சிக்கி அப்படியே நின்னுட்டு. நகரவே இல்ல. நிக்கிற தேர்தானேன்னு நான் கட்டையக் கீழ வச்சிட்டு வெத்தல மடிச்சேன். சுண்ணாம்பு தடவிட்டிருக்கேன், பின்னால தடி போட்டு நெம்பிட்டாங்க. ஒரே பாய்ச்சல். அப்படி ஒரு வேகத்த நான் பாத்ததே இல்ல.”

கோமு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிச்சையா அவன் பக்கத்துக் கட்டையச் சரியாப் போட்டுட்டான். எம் பக்கம் விழல. ஒரு பக்கம் மட்டும் கட்டை விழுந்தா தேர் அந்தப் பக்கம் திரும்பும். அவன் மேல திரும்பிட்டு. ஒதுங்க நேரமே இல்ல தாயி.”

“அவரு மேல தப்பு இல்லியா?”

“அவன் வேலைய அவன் பாத்தான். நான்தான் பாக்கல.”

மரத்திலிருந்து ஒரு பழுத்த இலை விழுந்தது. அவள் அதை எடுத்துக் கிழித்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“ஆமை மாதிரி வார தேருல எவனாவது விழுவானா, குடிச்சிருந்தாத்தான் விழுவான்னு ஊரு சொல்லுச்சு அத்தான். மாப்பிள்ள வீட்டுலயும் அதைத்தான் கேக்காங்க. குடிகாரன் மகளான்னு.”

இது ஆவுடையப்பன் காதுக்கு வந்ததே இல்லை. பிச்சையா சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவளிடம் போயா அதைச் சொல்வது?

“ஊர் வாய மூட உலைமூடியா இருக்கு. அவுங்க சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க” என்றாள் கோமு. பிறகு குரல் இறங்கியது. “நானும் நம்பிட்டேன் அத்தான். தேர் மெதுவாத்தான் வந்துதுன்னு நீங்களே சொல்லும்போது வேற என்னத்த நெனைக்க? ஒவ்வொரு திருநாளுக்கும், போதையோடயா தேருக்குப் போனீருன்னு அவரு படத்தப் பாத்துத் திட்டியிருக்கேன். இத்தன வருசமா அதுக்கு ஒரு முழம் பூ போடல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இத அங்கயும் வந்து சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது.”

“வாரேன் தாயி.”

கிளம்பும்போது மூத்தவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறவள் அவள். அன்று கும்பிடவில்லை. பழத்தை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

அவள் தலை மறைகிறவரை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்க ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லாமல்தான் ஒரு செத்த மனிதனைக் குடிகாரனாக்கி வைத்திருந்தார். மெல்ல நடந்து வந்து குருவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“சாமி, எங்க அம்மா போனப்போ அவன் இடுப்புக் குழந்த. நான்தான் தோள்ல தூக்கி வளத்தேன். எந்தட்டுல பாதிச் சோறு அவனுக்குத்தான். காச்சல்னா கூட உக்காந்து முழிப்பேன். கட்டை பிடிக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். ஒரு நாளும் கை நீட்டி அடிச்சது கெடையாது.” கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். “நீங்க சொல்லுங்க சாமி. நான் நல்ல அண்ணனாத்தானே இருந்தேன்?”

குரு உரித்த காய்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை.

“எப்போ?” என்றார்.