விளக்கு வைத்த நேரத்துத் திருடன்

பூவரசங்கோட்டை ராஜா ஆவுடையப்ப ராயருக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. யோசனை வந்தால் அது இன்னும் ஆபத்து. ஒருநாள் காலை அவர் கப்பல் வியாபாரி ஒருவனிடம் நெல்லிக்காய் அளவில் ஒரு பச்சைக்கல்லை ஆசையாக வாங்கி, பொக்கிஷக்காரர் தாண்டவமூர்த்தியிடம் கொடுத்து வைத்தார். மாலையில் விளக்கு வைத்த பிறகு ராணியிடம் காட்ட வாங்கிப் பார்த்தால், கல் ரத்தச் சிவப்பாக இருந்தது.

பொக்கிஷக்காரர் கல்லை மாற்றிவிட்டார் என்று ராயர் குதித்தார். அப்போதே தலையை வாங்கியிருப்பார். ஆனால் விளக்கு வைத்த பிறகு தண்டனை சொல்லக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். மீறினால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை பொறுத்தார். விடிந்து பார்த்தால் கல் பச்சை. திருட்டே இல்லையென்றால் யாரைத் தண்டிப்பது? மாலையில் மறுபடியும் சிவப்பு. பாவம் தாண்டவமூர்த்தி, தினமும் மாலையில் கட்டுப்பட்டு, காலையில் அவிழ்க்கப்பட்டு, கயிற்றுத் தழும்போடு அலைந்தார். கடைசியில் ஒரு காலையில் ராயர் பொறுமையிழந்து, நாளை கல் எந்த நிறத்தில் இருந்தாலும் தாண்டவமூர்த்தியின் தலை போகும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சபையில் அரண்மனை விகடர் குழைக்காதர் எழுந்தார்.

"மகாராஜா, திருடன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருகிறான். இப்போதே கதவைச் சாத்தி விளக்கேற்றுவோம், ஏமாந்து வந்துவிடுவான். தாண்டவமூர்த்தியின் கைகள் கட்டியே இருக்கட்டும். கல்லை நீங்களே இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்."

ராயருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நட்டநடுப் பகலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து விளக்கேற்றினார்கள். பழக்கதோஷத்தில் மந்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சேனாதிபதி கொட்டாவி விட்டார். ராயர் கையை விரித்தார். விளக்கு வெளிச்சத்தில் கல் சிவந்திருந்தது.

இத்தனை நேரமும் கல் யாரிடம் இருந்தது என்று குழைக்காதர் பணிவாகக் கேட்டார்.

"என் கையில்தான்" என்றார் ராயர்.

அப்படியானால் கை கட்டப்பட்டவர் திருடனில்லை என்றார் குழைக்காதர். கல்லை மாற்றியவருக்கு என்ன தண்டனை என்று நேற்று மகாராஜாவே சொன்னதையும் ஞாபகப்படுத்தினார். ராயரின் கை தானாகக் கழுத்தைத் தடவியது.

"பயப்படாதீர்கள், மகாராஜா. விளக்கு வைத்தாயிற்று. இனி யாரையும் தண்டிக்க முடியாது."

ஒரு கணம் விழித்த ராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். தாண்டவமூர்த்தியைத் தாமே அவிழ்த்துவிட்டார். பிறகு குழைக்காதரைப் பார்த்து, "கல்லை உமக்கே தரலாமென்று ஆசை. என்ன செய்ய, விளக்கு வைத்த பிறகு எதையும் கொடுக்கக் கூடாதே" என்றார்.

குழைக்காதர் ஒரே ஓட்டமாகப் போய்க் கதவைத் திறந்தார்.