பொருந்தும் வரை

காவல்துறை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற இன்பசேகரன், ஒலியியல் கற்கத் தில்லைநாயகியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர். ஆய்வகத் தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒருநாள் அவர், தன் பழைய ஸ்டேஷனுக்காகத் தயாரித்த குரல் ஒப்பீட்டு அறிக்கையோடு வந்தார். ஐஸ் ஆலை முதலாளியை யாரோ தொலைபேசியில் மிரட்டியிருந்தார்கள். வேன் ஓட்டும் மரியசூசையைப் பிடித்து வைத்திருந்தது போலீஸ். மறுநாள் நீதிமன்றம்.

"உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி, மேடம். அவனேதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

இன்பசேகரன் கணினித் திரையைத் திருப்பினார். உயிரெழுத்து என்று இலக்கணம் மரியாதையாகச் சொல்வதை அளந்து, ஆளுக்கு ஒரு நிறத்தில் புள்ளியாக்கிவிடும் மென்பொருள். ஊர்க்காரர்கள் பலருடைய புள்ளிகள் சிதறிக் கிடந்தன. மிரட்டியவனின் சிவப்புப் புள்ளிகள்மீது மரியசூசையின் நீலப் புள்ளிகள் அச்சாக உட்கார்ந்திருந்தன.

"ரொம்ப அழகா இருக்கே," என்றார் தில்லைநாயகி. குரலில் பாராட்டு இல்லை. "இவரை எப்படிப் பதிவு பண்ணினீங்க?"

"ஸ்டேஷன்லதான். மிரட்டலைப் போட்டுக் காட்டி, அதே மாதிரி சொல்லச் சொன்னேன். மொதல்ல முனகினான். நடிக்கிறான்னு தெரிஞ்சுது. நான் விடலை."

"எத்தனை தடவை சொன்னார்?"

"சரியா வர்ற வரைக்கும்."

தில்லைநாயகி மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார். மிரட்டல் பதிவை ஓடவிட்டார்.

"நாளைக்குள்ள கதவைச் சாத்து. இல்லேன்னா ஆலையே இருக்காது."

"இப்ப நீங்க சொல்லுங்க, சார்."

"நான் எதுக்கு?"

"சும்மாதான்."

இன்பசேகரன் மைக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நடிக்கிறீங்க. இன்னொரு தடவை."

சொன்னார்.

"முனகாதீங்க. 'ஆலை'க்கு வாய் இன்னும் திறக்கணும்."

தேநீர் ஆறி ஆடை படிந்தது. கடைசியில் இன்பசேகரன் எரிச்சலில் கத்தியே விட்டார். தில்லைநாயகி தலையாட்டி, அந்தப் பதிவை மென்பொருளிடம் கொடுத்தார்.

பச்சைப் புள்ளிகள் வந்தன. சிவப்பின்மீது, நீலத்தைவிட நெருக்கமாக.

"மிஷின்ல ஏதோ கோளாறு, மேடம்."

"மரியசூசையை அளந்தப்ப நல்லாத்தானே இருந்துது?"

இன்பசேகரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அன்னைக்கு நான் போனையே தொடலை. வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க."

"மரியசூசையும் இதையேதான் சொல்லியிருப்பார்."

தில்லைநாயகி அறிக்கையை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டுடறேன், சார். யார் பேரை எழுதட்டும்?"