இறக்க முடியாத ராஜா இறங்கிய கதை

முன்னொரு காலத்தில் பருந்தன்கோட்டையை மேகவன்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, மலை உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தான் என்பதே சரி. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, நாலாவது பக்கம் ஒரே வாசல். வந்த படையெல்லாம் முட்டிப் பார்த்து மண்டை வீங்கித் திரும்பின. அதில் ராஜாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒருநாள் சபையில், "இந்த உச்சியிலிருந்து என்னைக் கீழே இறக்க எவனுமில்லை. இனி என் பட்டங்களோடு 'ஆண்டவனாலும் இறக்க முடியாதவர்' என்பதையும் சேர்த்துக் கூவவேண்டும்" என்றான்.

"ஆகா, பொருத்தமான பட்டம்!" என்று முதலில் கைதட்டியவன் சேனாதிபதி உதயகண்டன். அமைச்சர் செங்கணார் இருக்கும்வரை தனக்கு மதிப்பில்லை என்று புழுங்கிக் கிடந்தவன் அவன்.

பட்டங்களைக் கூவுகிற கட்டியக்காரர் ஆவுடையப்பரோ கைகூப்பினார். "மகாராஜா, ஆண்டவனை வம்புக்கிழுக்கிற பட்டம் என் நாக்கில் வராது."

"நாளைக்கு உன்னைப் பாறையிலிருந்து உருட்டிவிடுகிறேன். உன் ஆண்டவன் பிடிக்கிறானா பார்ப்போம்!"

கெஞ்சினால் ராஜாவின் பிடிவாதம் கூடும் என்பது செங்கணாருக்குத் தெரியும்.

"உருட்டுவது இருக்கட்டும் மகாராஜா. புதுப் பட்டத்தை முதலில் அடிவாரச் சந்தையில், ராஜா நின்று கேட்க, குடிகள் முன்னால் கூவவேண்டும். அப்புறம்தான் சபையில் செல்லும். தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம். நானே கூவுகிறேன்."

உதயகண்டன் விடுவானா? "என் படை முழுக்க அணிவகுத்து வரும்!" என்று குதித்தான்.

"கோட்டைக்குக் காவல்?"

"இதில் எவன் ஏறப்போகிறான் மகாராஜா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் மேளதாளத்தோடு எல்லாரும் இறங்கினார்கள். கைகள் கட்டப்பட்ட ஆவுடையப்பரும் போனார். அவர் மனைவி தையல்நாயகி வாசலருகே அழுதுகொண்டு நின்றாள். கடைசியாக வந்த செங்கணார் அவள் காதோடு சொன்னார்: "அம்மா, நான் இறங்கியதும் உள்ளே தாழைப் போட்டுவிடு. ராஜா மனிதனாகப் பேசுகிறவரை திறக்காதே."

"இது தவறிப்போனால் ஐயா?"

"உன் புருஷனோடு நானும் உருளுவேன்."

சந்தையில் கூட்டம் நெரிந்தது. செங்கணார் கூவ வாயைத் திறந்தார், நிறுத்திவிட்டார்.

"என்ன?" என்றான் ராஜா.

"ஒரு சந்தேகம். யாராலும் இறக்க முடியாதவர் இப்போது அடிவாரத்தில் நிற்கிறாரே, இறக்கியது யார்? படை வரவில்லை, பஞ்சம் வரவில்லை. ஒரு பட்டத்தின் மேல் வந்த ஆசைதானே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவின் முகம் சிவந்தது. "நானாக இறங்கினேன், நானாக ஏறுவேன்! மேலே போய் உங்கள் இருவரையும் உருட்டுகிறேன்!"

ஏறினால், வாசல் சாத்தியிருந்தது.

"யாரங்கே? திற!"

"யாரது?" என்றாள் தையல்நாயகி மதிலிலிருந்து.

"ஆண்டவனாலும் இறக்க முடியாதவன்!"

"அவர் உள்ளேயல்லவா இருப்பார்? வெளியே நின்று கத்துகிற நீ யாரப்பா?"

"உதயகண்டா, உடை கதவை!"

சேனாதிபதி தரையைப் பார்த்தான். "இதை உடைக்க யாராலும்..." என்று முனகினான்.

உச்சி வெயில். பாறையில் ஒதுங்க நிழலில்லை. ராஜாவின் தொண்டை வறண்டது. தோற்றுப்போன படைகள் இங்கே எப்படி நின்றிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று செங்கணாருக்குத் தோன்றவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"செங்கணாரே, இவள் திறக்காவிட்டால்?"

"அது நம் கையில் இல்லை மகாராஜா."

ராஜா தானே போய் ஆவுடையப்பரின் கட்டை அவிழ்த்தான்.

"தாயே, நான் மேகவன்மன். வெறும் மனிதன். தாகமாக இருக்கிறது. உன் புருஷனையும் கூட்டிவந்திருக்கிறேன்."

கீழே தள்ளிப் போட்ட கனத்த தாழைத் திரும்பத் தூக்க அவளால் முடியவில்லை. பெரிய கதவிலிருந்த சின்னத் திட்டிவாசலைத்தான் திறந்தாள்.

"உதயகண்டா, நீ வெளியே நில். எவன் ஏறப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிரு" என்ற ராஜா, ஆவுடையப்பரை முன்னே போகச் சொன்னான். அமைச்சரையும் போகச் சொன்னான். பிறகு கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து, தன் கோட்டைக்குள் நுழைந்தான்.