மூக்காயிக்குப் பசித்த நாட்கள்

"பிழைச்சிடுமா அம்மா?" என்று வடிவு டீச்சர் கேட்டாள்.

குரு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அந்தத் துண்டு பெரிசா இருக்கு. இன்னும் ரெண்டா வெட்டுங்க" என்றார்.

காலையிலிருந்து இதையே எத்தனை முறை கேட்டோம் என்பது டீச்சருக்கே மறந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பதில் காய்கறியைப் பற்றித்தான் வந்தது.

மலையடிவாரத்தில் இருந்த அந்த அன்னசாலையில் ஒரே ஒரு விதி. வாசலுக்கு வந்த உயிர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. மனுஷன், மாடு, காக்கை, யாரானாலும் சரி. தியானம், உபதேசம் எல்லாம் சோறு வடித்த பிறகுதான். இங்கே ஞானம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கேட்டார்கள்.

குரு நாற்பதைத் தாண்டிய பெண்மணி. சீடர்களில் மூத்தவளான வடிவு டீச்சர், கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு வயது அவரைவிட எவ்வளவோ அதிகம். ஊர் முழுக்க டீச்சர் என்று கூப்பிட்டதால் குருவும் அப்படியே கூப்பிட்டார். டீச்சர் அவரை அம்மா என்றாள். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று புரியவே ஒரு வேளைச் சாப்பாடு ஆகும்.

டீச்சர் கேட்டது ஒரு பூனைக்குட்டியைப் பற்றி. அது சில மாதங்களுக்கு முன் வாழைத்தார் வண்டியில் வந்து இறங்கியது. விதிப்படி பால் வைத்தார்கள். நக்கியது. நக்கிய பால் மூக்கு வழியாக வெளியே வந்தது. தும்மியது, மறுபடி நக்கியது, மறுபடி மூக்கில் வந்தது. சமையல் பார்க்கும் செண்பகம் அதற்கு மூக்காயி என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்ததோடு அவள் கடமை முடிந்தது.

டீச்சர்தான் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். மேல் அண்ணம் நடுவில் பிளந்திருந்தது.

டவுனில் இருந்த டாக்டர் பர்வீன், இது பிறவிக் குறை என்றார். தைக்கலாம், ஆனால் குட்டி கொஞ்சம் வளர வேண்டும். அதுவரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. மெல்லிய குழாயை வயிறு வரை இறக்கி அதன் வழியாகத்தான் பால் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தவறி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெட்டுப் போய்விடும்.

மற்றவர்களுக்குக் குழாயைத் தொடவே கை நடுங்கியது. டீச்சருக்கு நடுங்கவில்லை. காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் போட்ட கை. குரு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவரும் கற்றுக்கொண்டார். டீச்சர் குளிக்கப் போகும் நேரங்களில் அவர்தான் ஊட்டுவார்.

இப்படியே மூக்காயி வளர்ந்தாள். இரண்டு முறை சளி பிடித்து மூச்சு இழுத்தது. இரண்டு முறையும் டீச்சர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பக்கத்தில் வந்தவர்களை ஏசாமலும் இல்லை. ஒருவழியாக ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க ஊசி போட்டால் வயிற்றில் இருப்பது மேலே வரும். இந்தக் குட்டிக்கு அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

டீச்சர் அன்னசாலையில் ஒருவர் விடாமல் சொன்னாள். செண்பகத்திடம் இரண்டு முறை, வாசல் பார்க்கும் ஆவுடையப்பனிடம் மூன்று முறை. வகுப்பில் சொல்வதுபோல, திருப்பிச் சொல்லவும் வைத்தாள். பூசணிக்காய் நறுக்கியது அன்றுதான்.

மறுநாள் காலை டவுனில், மேஜைமேல், ஊசி போட்ட சற்று நேரத்தில் மூக்காயி பால் கக்கினாள்.

டாக்டர் தலைகீழாகத் தூக்கினார், குழாய் வைத்து உறிஞ்சினார், முதுகைத் தட்டினார். ஆபரேஷன் நடக்கவில்லை. பஞ்சு மாதிரி கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றி டீச்சரிடம் கொடுத்தார். நெஞ்சில் சளி கட்டிவிடும், மருந்து கொடுத்துத் தேற்றி மறுபடி கொண்டுவாருங்கள் என்றார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நுரையீரல் தாங்காதும்மா. என்கிட்ட கொண்டு வரவே வேண்டி இருக்காது."

டீச்சர் திரும்பி வந்து நேராக அடுக்களைக்குப் போனாள்.

விசாரணை பெரிய அளவில் நடந்தது. செண்பகம் குலதெய்வத்தின் பேரில் சத்தியம் செய்தாள். ஆவுடையப்பன் அடுக்களைப் பக்கமே வரவில்லை என்றான். பொய், முதல் நாள் சுண்டலுக்கு வந்திருந்தான், ஆனால் பால் விஷயத்தில் உண்மைதான். காய்கறி கழுவ வந்த பெண்களைக்கூட டீச்சர் விடவில்லை. எந்த ஜாதிப் பூனைதான் பால் குடிக்காது என்று கேட்டவளுக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

குரு தோட்டத்திலிருந்து கீரைக் கூடையோடு வந்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"நான்தான் கொடுத்தேன்."

செண்பகத்தின் கரண்டி நின்றது.

"தெரியாமலா?" என்றாள் டீச்சர்.

"தெரிஞ்சுதான். நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. அது அழுதுச்சு. ஊருக்குக் கிளம்புற உயிர், கொஞ்சமாவது வயித்துல இருக்கட்டும்னு."

"டாக்டர் சொன்னது?"

"ஞாபகம் இருந்துச்சு."

டீச்சர் மூச்சு வாங்கினாள். "இத்தனை பேருக்கு உபதேசம் பண்றீங்க. உங்க கைக்கு ஒண்ணும் சொல்லலையா?"

அடுக்களையில் யாரும் நிமிரவில்லை. அந்தக் குருவிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

"சொன்னேன். கேட்கலை" என்றார் குரு.

அன்று மாலை டீச்சர் தன் புடவைகளைப் பையில் அடுக்கினாள். இப்படிப்பட்டவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? மகன் வீட்டில் ஏ.சி. அறை காத்துக் கிடக்கிறது. பை நிறைந்தது. மூக்காயி துண்டுக்குள் கர்கர் என்று மூச்சு விட்டாள். மருந்தைக் குழாயில் இறக்க இங்கே வேறு யாருக்குக் கை வரும்? டீச்சர் புடவைகளை வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். தேவையைவிடச் சத்தமாகவே வைத்தாள்.

குரு வாசல்படியில் நின்றிருந்தார்.

"அடுத்த தடவை அரிசி ரூம்ல வச்சுக்குங்க. உள்ளே தாழ்ப்பாள் இருக்கு. நீங்களும் உள்ளேயே இருங்க. யார் கேட்டாலும் திறக்காதீங்க."

"யார் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

டீச்சர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். குருக்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்.

மூக்காயி தேறினாள். சளி இறங்கியது, கண் தெளிந்தது, வாலைத் துரத்துகிற அளவுக்குப் புத்தியும் கெட்டது. மறுபடி நாள் குறித்தார்கள். முதல் நாளே டீச்சர் பாயும் தண்ணீர்ச் செம்புமாக அரிசி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

விடிகிற நேரத்தில் குட்டி அழத் தொடங்கியது. வழக்கமாகப் பால் இறங்கும் நேரம். டீச்சரின் மடியில் ஏறியது, இறங்கியது, முந்தானையைச் சுரண்டியது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கேதான் இருக்கிறதோ. டீச்சர் அரிசி மூட்டைகளை எண்ணினாள். குட்டியின் பக்கம் பார்க்கவில்லை.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"டீச்சர், கதவைத் திறங்க."

குருவின் குரல்.

"எதுக்கும்மா?"

"திறங்க."

இத்தனை வருஷத்தில் குரு ஒன்று சொல்லி டீச்சர் மறுத்ததில்லை. கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. மூக்காயி கதவடி இடுக்கில் மூக்கை வைத்து இன்னும் உரக்கக் கத்தினாள்.

"யார் கேட்டாலும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். இப்ப திறங்கன்னும் நான்தான் சொல்றேன்."

அன்று சொன்னதும் குருவாக்கு, இன்று சொல்வதும் குருவாக்கு. எதை மீறினாலும் பாவம். டீச்சருக்குக் கை நடுங்கியது, குழாயைப் பிடித்தபோது நடுங்காத அந்தக் கைதான். குட்டியை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"திறக்க மாட்டேன்மா" என்றாள்.

வெளியே காலடிச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டே இருப்பது டீச்சரின் முதுகுக்குத் தெரிந்தது. வெகு நேரம் கழித்துத்தான் காலடிகள் விலகின.

ஆட்டோவில் குருவும் வந்தார். டாக்டர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, சரி என்று தலையசைத்து உள்ளே எடுத்துப் போனார். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு நாய் கட்டோடு வந்தது, ஒரு கிளி கூண்டோடு போனது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வந்தால் நல்லதா, வராவிட்டால் நல்லதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"கோவமா அம்மா?"

"பசி" என்றார் குரு. "நீங்களும் ஒண்ணும் சாப்பிடலை."

டீச்சர் போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பிழைச்சிடுமா?"

"டீ ஆறுது."

கதவு திறந்தபோது டீ ஆடை கட்டியிருந்தது. தைத்தாயிற்று என்றார் டாக்டர். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. தையல் ஒட்டும் வரை நாக்கு அதில் படக் கூடாது. ஒரு சொட்டுப் பால்கூட வாய் வழியே போகக் கூடாது. கழுத்துப் பக்கமாக ஒரு குழாய் வைத்திருந்தார், சாப்பாடு அதில்தான். தையல் விட்டுப்போனால் மறுபடி தைக்க அங்கே சதை இல்லை.

மூக்காயி கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் புனலோடு வீடு வந்தாள். வயிறு குழாயில் நிறைந்தது. நாக்குக்கு அது தெரியவில்லை. பந்தி போடும் ஒவ்வொரு வேளையும் சோற்று வாசனை வந்ததும் அழுதாள். சாப்பிட வந்த ஒருவர், அன்னசாலையிலேயே ஒரு ஜீவனைப் பட்டினி போடுகிறீர்களே என்று நீட்டி முழக்கினார். உங்கள் இலையில் இருப்பதை முடியுங்கள், அது உங்களுக்காக அழவில்லை என்றாள் டீச்சர்.

சொல்லிவிட்டாளே தவிர, அறைக்குள் வந்தால் அவள் நிலைமை வேறு. குட்டி புனலை அவள் முழங்காலில் இடித்து இடித்து நிமிர்ந்து பார்க்கும். தினமும் இது. ஒரு மத்தியானம் குழாயில் கொடுத்து மீந்த பால் கிண்ணத்தில் இருந்தது. டீச்சரின் விரல் அதில் நனைந்திருந்தது. எப்போது நனைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல் புனலுக்குள் போய்க்கொண்டிருந்தது. குட்டி வாயைத் திறந்துவிட்டது.

"டீச்சர்."

குரு வாசலில் நின்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

விரல் நின்றது. டீச்சர் அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு சொட்டுதான்மா."

"ஆமா" என்றார் குரு. "ஒரு சொட்டுதான்."

உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்து, மீந்த பாலை அவரே குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு பால் கொடுக்கும் வேளைகளில் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் குழாயையும் புனலையும் எடுத்த நாளில், அண்ணம் ஒட்டிவிட்டது என்றார். முன்பக்கம் கடுகளவு ஓட்டை நிற்கிறது, அது தானே மூடலாம், மூடாமலும் போகலாம். வாயில் கொடுத்துப் பாருங்கள்.

அன்னசாலை முற்றத்தில் கிண்ணம் வைத்தார்கள். செண்பகம் அடுப்பை விட்டு வந்தாள். ஆவுடையப்பன் வாசலை விட்டு வந்தான். மூக்காயி கிண்ணத்தைச் சுற்றி வந்து, முகர்ந்து, நக்கினாள். எல்லோரும் அவள் மூக்கையே பார்த்தார்கள்.

நக்கினாள். மூக்கு உலர்ந்திருந்தது.

திடீரென்று தலையை உதறித் தும்மினாள். ஒருவரும் அசையவில்லை. டீச்சர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். மூக்கில் ஒன்றும் இல்லை. மூக்காயி இந்தக் கூட்டத்தை மதிக்காமல் மறுபடி கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தாள்.

செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். முற்றத்தில் புகை இல்லை.

எல்லோரும் போன பிறகு டீச்சரும் குருவும் மிஞ்சினார்கள். டீச்சருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. விடை தெரிந்த கேள்விதான், சரிபார்க்கக் கேட்டாள்.

"அன்னைக்கு அரிசி ரூம் கதவைத் தட்டினீங்களே அம்மா. நான் திறக்கிறேனான்னு சோதிக்கத்தானே?"

குரு குனிந்து, காலியான கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"இல்லை டீச்சர். கையில பால் இருந்துச்சு."