சின்னப் பஞ்சாரம்

“சாமி, கோழி மிதிச்சுக் குஞ்சு சாவுமா? நீங்களே சொல்லுங்க.”

வெள்ளத்தாய் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

கண்மாய்க் கரைக் குடிசையில் இருந்த சாமியாருக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. தாடியே இப்போதுதான் நிறைந்திருந்தது. பேச்சும் குறைவு. ஆனாலும் ஊரில் யார் மனசில் முள் தைத்தாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

“யாரு கோழி, யாரு குஞ்சு?” என்றார் சாமியார்.

“நான்தான் கோழி. எம் மவ கோமுதான் குஞ்சு. கோவிச்சுக்கிட்டு எந் தங்கச்சி வீட்டுல போயி உக்காந்துட்டா. ஆள் மேல ஆள் விட்டுப் பாத்துட்டேன், வரமாட்டேங்கா. நீங்க சொன்னாக் கேப்பா சாமி.”

“என்ன நடந்துது?”

“பெத்தவ நாலு வார்த்தை வையத்தான் செய்வா.”

“என்ன வஞ்சீக?”

வெள்ளத்தாய் முந்தானையைத் திருகினாள். அவள் வாய் ஊரறிந்த வாய். கோமு பூ வைத்தால் யாருக்காக வைத்தாய் என்பாள்; வைக்காவிட்டால் மூளியாக நிற்கிறாயே என்பாள். சிரித்தால் குற்றம், சும்மா இருந்தால் அதைவிடக் குற்றம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் நின்று வளர்த்த பிள்ளை. அது கெட்டுவிடக் கூடாதே என்கிற பயம் அவளுக்கு வாய் வழியாகத்தான் வெளியே வரும். அன்றைக்குக் குழாயடியில், குடத்தோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் வந்துவிட்டது.

“நல்லதுக்குத்தானே சொன்னேன்,” என்றாள்.

சாமியார் வாசல் பக்கம் பார்த்தார்.

பொழுது சாய்கிற நேரம். யாரோ நேர்ந்து விட்ட கோழி ஒன்று குஞ்சுகளோடு குடிசையைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தது.

“தாயி, இதுகளை அடைக்கணும். எனக்குப் பழக்கமில்லை. ஒரு கை குடுங்க,” என்று சொல்லி கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் பஞ்சாரம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வெள்ளத்தாய் நொய்யரிசியை இறைத்து ‘பா... பா...’ என்றாள். கோழி வந்தது, குஞ்சுகளும் வந்தன. பஞ்சாரத்தைக் கவிழ்க்கப் போனவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

“சாமி, இது சின்னப் பஞ்சாரம். ஒத்தைக் கோழியக் கவுக்கது. இதுல குஞ்சோட அடைக்கப்படாது.”

“ஏன்?”

“விடியறதுக்குள்ள ரெண்டு செத்துக் கெடக்கும்.”

“பாம்பு வருமோ?”

“பாம்பு எதுக்கு? கோழியே மிதிச்சுரும்.”

“தாய்க்கோழியா? குஞ்சு மேல அம்புட்டுக் கோவமா?”

“ஒண்ணும் தெரியாத பிள்ளையா இருக்கீகளே சாமி! கோவம் என்ன கோவம்? குளிருதுன்னு குஞ்சு கத்தும். இது றெக்கைக்குள்ள இழுக்கத்தான் திரும்பும். திரும்ப எடமில்லாட்டி காலு குஞ்சு மேலதான் விழும். அதுக்கு என்ன தெரியும், பாவம்? அணைக்கோம்னுதான் நெனச்சுக்கிட்டு...”

வெள்ளத்தாய் கையிலிருந்த பஞ்சாரத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குக் குழாயடியில் கோமு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நிறைந்த குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதைத் திமிர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.



அவள் பஞ்சாரத்தை ஓரமாக வைத்தாள். கோழியையும் குஞ்சுகளையும் குடிசைக்குள்ளேயே விரட்டிவிட்டுப் படலைச் சாத்தினாள்.

“இன்னைக்கு நீங்க வெளிய படுத்துக்கோங்க சாமி. உள்ள அதுக தாராளமா இருக்கட்டும்.”

“சரி தாயி. கோமுகிட்ட நான் என்ன சொல்லணும்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலைல நானே போறேன்.”

“கூட்டியாரவா?”

“இல்ல சாமி,” என்றாள் வெள்ளத்தாய். “பாத்துட்டு வர.”